கலைஞனும் இல்லறமும்

ஒரு நல்ல நூலைப் படித்து உள்ளம் நெகிழ்ந்தவன், அதனை எழுதிய கை எத்தகையது என்று காண விழைவது இயல்பு. அவ்வாறு காணச் சென்ற இடத்தில், ஏட்டில் கண்ட அருள் வீட்டில் காணப்படவில்லையாயின் அவன் திகைத்து நிற்கிறான். எழுத்தைப் போற்றுவதா, எழுதியவனைத் தூற்றுவதா? இவ்வினா பழையது, ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் இதற்குப் புதிதாய் விடை தேட வேண்டியிருக்கிறது.

இவ்வினா எழும்போதெல்லாம் உருசிய நாட்டு டால்ஸ்டாயை நினையாதார் இலர். 1862-இல், தம் 34-ஆம் வயதில், 18 வயதுச் சோபியாவை அவர் மணந்தார். மணநாளுக்கு முன்னரே, தம் இளமைப் பிழைகளை எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளை அப்பெண்ணிடம் படிக்கக் கொடுத்தார். உண்மை உரைத்த நிறைவு அவருக்கு. அதனைச் சுமந்த வேதனை அவளுக்கு. பதின்மூன்று மக்களைப் பெற்ற அவ்வம்மையார், அந்த மாபெரும் போர்க்கால நாவலைத் திரும்பத் திரும்பக் கையால் படியெடுத்தும் தந்தார். 1910-இல், 82 வயதில், டால்ஸ்டாய் வீட்டைத் துறந்து வெளியேறினார். அஸ்தபோவோ என்னும் இரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். தேடி ஓடிவந்த மனைவி, அவர் நினைவிழந்த பின்னரே அருகில் செல்ல விடப்பட்டார். உலகோர் அனைவரிடத்தும் அன்பு செலுத்தச் சொன்னவரின் வாழ்வு இவ்வாறு முடிந்தது.

அந்நாவலைப் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்தவர் டி. எஸ். சொக்கலிங்கம். அவர் 'தினமணி' ஆசிரியராக விளங்கியபோது அவரிடம் பணியாற்றியவர் புதுமைப்பித்தன். அவர் நமக்கு அயலார் அல்லர். நம் லேபர் கேம்ப்பில் வாழ்வோர் பலருக்கும் உரிய திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர். பிழைப்பை நாடிப் பட்டணம் போனவர். 1931-இல் கமலா அம்மையாரை மணந்தார். பட்டணத்துப் பத்திரிகைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துதல் அரிதாக, பல காலம் அவர் சென்னையிலும் அம்மையார் திருவனந்தபுரத்தில் தாய்வீட்டிலுமாகப் பிரிந்தே வாழ்ந்தனர். தலைப்பிள்ளை தவறிய துயரும் அவர்களைச் சூழ்ந்தது. சொந்தமாகத் திரைப்படம் எடுக்க முயன்று அவர் பொருள் இழந்தார். பின்னர் 'ராஜமுக்தி' படத்திற்கு எழுதும் பொருட்டு, நமக்கு மிக அண்மையில் உள்ள புனேயில் தங்கியபோது காசநோய் முற்றியது. 1948-இல், 42 வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார். எஞ்சியவர்கள் இளம் மனைவியும் ஒரு சிறு பெண்மகவும்.

அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் 1994-இல் நூலாயின. காதலும் பணக்கவலையும் விரவிய கடிதங்கள் அவை. அவற்றைப் படிக்கையில் ஒரு கூச்சம் நம்மைத் தொடர்கிறது. ஒருத்தியின் கண்களுக்கென்று எழுதப்பட்டதை உலகமெலாம் படிக்கிறதே என்பது ஒன்று. எழுதியவர் குரல் மட்டும் ஒலிக்க, பெற்றவர் குரல் ஒலிக்காத உரையாடலை வைத்துக்கொண்டு நாம் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பது மற்றொன்று. கமலா அம்மையாரும் சிறுகதை எழுதியவர். 'காசுமாலை' அவர்தம் கதைத் தொகுதி. குரல் இல்லாதவர் அல்லர் அவர்.

வியப்பு யாதெனில், மனைவியின் பக்கம் நின்று நீதி கேட்டவர்களில் புதுமைப்பித்தனுக்கு இணையானவர் அரியர் என்பதே. 'சாபவிமோசன'த்தில், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். 'செல்லம்மா'ளில், துணிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை நோயுற்ற மனைவிக்குத் தாயாய் நின்று பணிவிடை செய்கிறார். அக்கதையில் மனைவியை விட்டு அகலாத கணவனைப் படைத்தவர், தம் வாழ்வில் மனைவியை விட்டு நெடுந்தொலைவில் இருந்தார். இதனைப் போலித்தனம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. தம்மால் இயலாது போனதை எழுத்தில் செய்து பார்த்தார் என்று கருதுவதே பொருந்தும்.

எனினும் வினா தீர்ந்தபாடில்லை. கலைக்காக எதையும் பொறுக்கலாம் என்பார் ஒரு சாரார். பொறுத்தல் என்பது துன்புற்றவரின் உரிமை. நூலைச் சுவைத்துப் பயனடைந்த நாம், அவர் சார்பில் மன்னிப்பு வழங்குதல் பிறர் பொருளைத் தானம் செய்வது போன்றது. வாழ்வில் தவறியவன் எழுத்து நமக்கெதற்கு என்பார் மறு சாரார். நூலை எறிந்துவிட்டால் கமலா அம்மையாரின் தனிமை நாட்கள் திரும்பி வருமோ? அவர் கொடுத்த விலையும் அன்றோ வீணாகும்!

யாம் நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். எந்தச் செலவையும், இது எக்கணக்கில் எழுதப்பட்டது, யாருடைய ஒப்புதல் பெற்றது என்று கேளாமல் நாங்கள் விடுவதில்லை. ஒரு கலைஞன் தன் வாழ்வைத் தன் கலைக்குச் செலவிடலாம், அது அவனுடையது. மனைவியின் வாழ்வையும் சேர்த்துச் செலவிடும்போது அவளுடைய ஒப்புதல் எங்கே?

இதனைக் கேட்டபோது எம் வீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. எம் தந்தையார் இங்கே பஞ்சாலைத் தொழிலாளி. அன்னையார் ஊரில் இருந்து எங்களை வளர்த்தார். மாதந்தோறும் மணியார்டர் வரும். அதன் கூப்பனில் நான்கு வரிகள் இருக்கும். அன்னையாருக்கு எழுத்து வாசனை இல்லை. தபால்காரரே படித்துச் சொல்வார். அயலார் வாயால் கேட்க வேண்டிய வரிகளில் எந்தக் கணவன் தன் மனத்தைத் திறந்து எழுதுவான்? அனைவரும் நலம், பணம் கிடைத்ததும் பதில் போடவும் என்பதோடு சரி. பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தந்தையார் காவியம் எதையும் எழுதவில்லை. எங்களைப் படிக்க வைத்தார். எம் பி.ஏ. பட்டமே அவர்தம் நூல் எனலாம்.

அண்மையில் ஒருநாள் அன்னையாரிடம், "அப்பா பம்பாய்க்குப் புறப்பட்டபோது உங்களுக்குச் சம்மதந்தானா அம்மா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட யாருல கேட்டா?" என்றார். அதில் சினம் இல்லை. இத்தனை காலம் கழித்து ஒருவன் கேட்கிறானே என்ற வியப்பு மட்டுமே இருந்தது.

அச்சொல்லே எமக்கு விடையாயிற்று. பெரியோரைக் குற்றக் கூண்டில் ஏற்ற வேண்டுவதில்லை. அவர்தம் பிழைகளுக்குப் பொன்முலாம் பூசவும் வேண்டுவதில்லை. நமக்கு உள்ளது ஒரு கடன். புதுமைப்பித்தனைப் போற்றும்போது, அவ்வெழுத்துக்கு விலை தந்தோருள் கமலா அம்மையாரும் ஒருவர் என்பதை மறவாதிருத்தல் அக்கடனின் ஒரு பகுதி. மற்றொரு பகுதி நம் வீடுகளில் இருக்கிறது.

இக்கட்டுரையை எழுதிய மூன்று இரவுகளிலும் குடிநீர் பிடித்தவரும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவரும் எம் இல்லத்தரசியார். சங்கப் பணி என்று யாம் சொன்னோம், அவரைக் கேட்டோமில்லை. எழுதி முடித்தபின் இதனை அவரிடம் படிக்கக் கொடுத்தோம். படித்துவிட்டு, "நாளைக்குத் தண்ணி நீங்க பிடிங்க" என்றார். பிடித்தோம்.