முதலில் மேல் பிளக்

வீட்டு வாசலில் பிக்கப் வண்டிக்குக் கிரவுன் (டிஃபரென்ஷியல்) ஆயில் மாற்ற உட்காருகிறவர்கள், நேராகக் கீழே உள்ள வடி பிளக்கில்தான் கை வைக்கிறார்கள். வேண்டாம். மேலே, ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். பழைய ஆயிலை வடித்த பிறகு அந்த மேல் பிளக் துருவேறி அசையாமல் நின்றால், வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட ஓட்டிப் போக முடியாது.

வடியும்போது கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். கியர்களின் பல்லும் பல்லும் அழுந்தி உரசும் இடத்தில் தேய்மானத்தைத் தடுப்பதே அந்தக் கந்தகச் சேர்மம்தான். வடி பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கலங்க வேண்டாம், அது இயல்பு. விரலில் நெருடும் இரும்புச் சில்லு கிடைத்தால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாதீர்கள். கேனில் பிடித்துக் கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.