யாருடைய திருப்தி?

குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவரைக் காணொளியில் பார்ப்பது நல்லதா, நேரில் பார்ப்பது நல்லதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "குடும்பத்துக்குத் திருப்தியா?" இதில் 'குடும்பம்', 'திருப்தி' என்ற இரண்டு சொற்களுமே என்னை உறுத்துகின்றன.

அய்யலூரில் ஒரு தாயை எண்ணிக்கொள்வோம். நூற்பாலையில் வேலை. ஆறு வயது மகனுக்கு வலிப்பு நோய். குழந்தை நரம்பியல் மருத்துவர் மதுரையில். விடியுமுன் சோறு வடித்து வைத்துவிட்டு, திண்டுக்கல்லில் பேருந்து மாறி, வரிசையில் காத்திருந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். 2021 முதல் அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், மதுரைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாக வேண்டும். அன்றைய கூலியும் போகும்.

2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. நம் தாயின் மகனுக்கும் மறுபரிசோதனை கைபேசிக்கு மாறியது என்று வைத்துக்கொள்வோம். பேருந்துச் செலவு இல்லை, கூலி இழப்பு இல்லை. கணவருக்குத் திருப்தி. அவளைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

ஆனால் கைபேசி கணவருடையது. மருத்துவர் கேட்கிறார், கணவர் பதில் சொல்கிறார். மாமியார் பின்னால் நிற்கிறார். போன மாதம் மாத்திரை தீர்ந்தது. வாங்கக் காசு கேட்டும் கிடைக்கவில்லை. நான்கு நாள் மாத்திரை இல்லாமல் போனதில்தான் வலிப்பு வந்தது. இது அவளுக்கு மட்டுமே தெரியும். இவர்கள் முன்னால் அதை எப்படிச் சொல்வாள்? மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். எல்லோரும் திருப்தியாக அழைப்பைத் துண்டிக்கிறார்கள்.

மதுரையில் அந்த அறைக்குள் அவளும் மகனும் மருத்துவரும்தான். அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பாள் என்று உறுதி கூற முடியாது. "ஏம்மா, மாத்திரைகூட ஒழுங்கா குடுக்க மாட்டியா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் தாய்மார்களை எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம். நேரில் பார்ப்பதைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பயணத்தின் முழுப் பாரமும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

திருப்தி என்ற அளவுகோல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமர்த்திய சென் ஒரு பழைய கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியிருக்கிறார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தா அருகே சிங்கூரில் எடுக்கப்பட்டது அது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்தக் காலத்து வங்கத்தில் விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக வாழ்ந்தார்கள் என்று யாராவது நம்புவோமா? தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லலாம் என்பதே அவர்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை. நம் தாயின் "நல்லாத்தான் இருக்கு" என்பதிலும் அதன் எதிரொலி கேட்கிறது.

'குடும்பம்' இன்னும் தந்திரமான சொல். சிறார் என்றால் உடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்கின்றன வழிகாட்டு நெறிகள். எந்தப் பெரியவர்? அதை வீடு முடிவு செய்துகொள்ளும். வீட்டில் யார் முடிவு செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். மிச்சமான அந்த ஒரு நாள் அவளுக்கு ஓய்வாக வந்ததா, ஆலையில் இன்னொரு ஷிப்டாகப் போனதா என்று எந்தத் திருப்திப் படிவமும் கேட்பதில்லை.

காணொளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் மதுரைக்கு அலையச் சொல்வது கொடுமை. எந்த முறை என்பதை, குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் தேர்ந்தெடுக்கட்டும். மாத்திரை கொடுப்பவர் யாரோ அவரிடம் மருத்துவர் பேசட்டும். "கொஞ்சம் தனியாப் பேச முடியுமாம்மா?" என்று ஒருமுறை கேட்கட்டும். கைபேசியை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப்புறம் போய் அந்த நான்கு நாளைச் சொல்லிவிட்டால், மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகு கேளுங்கள், திருப்தியா என்று. அவளிடம் கேளுங்கள்.