ஆசையும் திசையும்

ஆலயத்துக்கு வெறுங்கையோடு வருபவர் உண்டு; வெறும் மனத்தோடு வருபவரைக் காண்பது அரிது. பிள்ளைக்குப் பரீட்சை, மகளுக்குத் திருமணம், மகனுக்கு விசா, தாய்க்கு நோய் நீக்கம் என்று ஏதோ ஒரு வேண்டுதல் அர்ச்சனைத் தட்டோடு சேர்ந்தே வருகின்றது. அதே ஆலய மண்டபத்தில் சமயச் சொற்பொழிவு நடைபெறும்போது, ஆசையே துன்பத்துக்குக் காரணம், ஆகவே ஆசையை அறுத்தல் வேண்டும் என்று கூறப்படுகின்றது. கேட்டிருக்கும் அடியவர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. ஆசை குற்றம் என்றால், ஆசையோடு வந்து கும்பிடுவதும் குற்றமா? இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு முதலில் ஆசை என்ற சொல்லையே சற்று ஆராய்தல் நன்று.

சொற்கள் காட்டும் வேறுபாடு

ஆங்கிலத்தில் 'டிசையர்' என்ற சொல்லால் குறிக்கப்படுவதற்குத் தமிழில் விருப்பம், ஆசை, அவா, வேட்கை, நசை, இச்சை, காமம், மோகம், பற்று எனப் பல சொற்கள் உள. யாழ்ப்பாணம் அகராதிப் பணிக்குப் பெயர்பெற்ற மண். 1842 இல் மானிப்பாயில் அச்சாகிய அகராதியும், உடுவிலில் பணியாற்றிய வின்சுலோ பாதிரியார் 1862 இல் வெளியிட்ட, 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியும் இம்மண்ணின் பண்டிதர்களது உழைப்பையும் கொண்டு உருவானவை. அகராதியிலே இச்சொற்கள் ஒன்றுக்கு ஒன்று பொருளாக நின்றாலும், வழக்கிலே அவற்றிடையே வேறுபாடு உண்டு.

வேட்கை என்பது ஒரு பொருளின் மேல் தோன்றும் நாட்டம். தண்ணீர்த் தாகத்தையும் நீர்வேட்கை என்பர். தாகம் எடுப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அவா என்பது அப்பொருளைப் பெற்றே தீரவேண்டும் என்று மேன்மேலும் எழுவது. வேட்கையும் அவாவும் கூடினால் வேணவா. இப்புணர்ச்சிக்கு விதி கூறியவர் தொல்காப்பியர். வெஃகல் என்பது இவற்றினும் வேறு; அது பிறருக்கு உரிய பொருளைக் கவர நினைப்பது.

திருவள்ளுவர் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்து அதிகாரங்களை வகுத்துள்ளார். வெஃகாமை 18 ஆம் அதிகாரமாக இல்லறவியலில் இடம்பெறுகின்றது. அவாவறுத்தல் 37 ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் இடம்பெறுகின்றது. இல்லறத்தானைப் பார்த்து எல்லா ஆசைகளையும் விட்டுவிடு என்று அவர் கூறவில்லை. பிறர் பொருள் மேல் கண் வையாதே என்றே கூறுகின்றார். அவாவின் வேரையே அறுக்கும் பணி துறவிக்கு உரியது. அதே வள்ளுவர் ஆண் பெண் அன்புக்கென 25 அதிகாரங்களில் 250 குறள்களைப் பாடி, அப்பகுதியைக் காமத்துப்பால் என அமைத்தார். அன்று காமம் என்ற சொல் அன்பு கனிந்த நிலையைக் குறித்தது. பிற்காலத்தில் அது இழிந்த பொருளில் சுருங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் இது போன்ற கதை உண்டு. 'லஸ்ட்' என்ற சொல் முன்னர் மகிழ்ச்சியையே குறித்தது. ஜேர்மனியில் வாழும் உறவினரைக் கேட்டால், அங்கே 'லுஸ்ட்' என்பது இன்றும் விருப்பம், மகிழ்ச்சி என்ற நல்ல பொருளிலும் வழங்குவதாகக் கூறுவர்.

நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சு என்றால் விடம். ஓசை ஒன்றாயினும் ஒன்று உயிரைத் தழைக்கச் செய்யலாம், மற்றது உயிரைக் கொல்லும். விரும்பி அடைந்தவர்க்கு இனியவர் என்ற பொருளில் சிவபெருமானுக்கு நச்சினார்க்கினியர் என்ற திருநாமம் வழங்குகின்றது. ஆசை என்ற சொல்லுக்கோ மேலும் ஒரு சிறப்பு உண்டு. அதற்குத் திசை என்றும் பொருள் உளது. ஆசையைப் பற்றிய விசாரணை முழுவதும் இந்த இரு பொருளுக்குள் அடங்கிவிடும் எனலாம். ஒருவனுக்கு ஆசை இருக்கின்றதா என்பதிலும் பார்க்க, அது எத்திசை நோக்கி நிற்கின்றது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சித்தாந்தம் கூறுவது

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகளைக் கூறுகின்றது. உயிர்கள் மலம் நீங்கி வீடு பெற வேண்டும் என்ற அருள் விருப்பமே அவனது இச்சாசக்தி. உயிருக்கும் இச்சை, அறிவு, செயல் என்ற மூன்றும் உள. ஆணவ மலம் அவற்றை மறைத்து நிற்கின்றது. அம்மறைப்பைச் சிறிது விலக்குவதற்காகவே இறைவன் மாயையிலிருந்து கருவிகளைத் தந்தான். 36 தத்துவங்களுள் கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்புகின்றன. எனவே விரும்பும் ஆற்றல் இறைவன் கூட்டிய கருவி. கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை அறுக்கவும் செய்யும். அது கொண்டு கத்தியையே குற்றம் கூறுவாரில்லை.

கந்தபுராணம் காட்டும் வழி

யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள். அப்புராணத்தில் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிக்கின்றார். பின்னர் இரதியின் வேண்டுதலுக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மாத்திரம் தெரியுமாறு அவனை எழுப்புகின்றார். ஆசை உலகில் முற்றாக இல்லாமல் போக வேண்டும் என்பது திருவுள்ளமாயின் அவனைச் சாம்பலாகவே விட்டிருக்கலாம்.

சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றவன். அதுவும் போதாமல் தேவர்களைச் சிறையிட்டான். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன்போரில், அடியவர் தோள்களிலே ஆடி வரும் சூரன் தலைமாறித் தலைமாறிப் போர் செய்து, ஈற்றில் மாமரமாகி நிற்பதைச் சிறுவர் முதல் முதியோர் வரை காண்கின்றனர். வேல் அம்மரத்தைப் பிளந்ததும் அவன் சேவலும் மயிலுமாகின்றான். முருகப்பெருமான் அவற்றைக் கொன்றுவிடவில்லை. சேவல் கொடியாயிற்று, மயில் வாகனமாயிற்று. அண்டங்களைத் தன்பால் இழுத்த அதே வேகம் இப்போது ஆண்டவனைச் சுமக்கின்றது. ஆறு நாள் உபவாசம் இருந்து ஏழாம் நாள் பாரணை செய்பவர், இந்த மாற்றம் தம்முள்ளும் நிகழ்ந்ததா என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

காணி ஆசையும் ஊர் ஆசையும்

இதனை யாழ்ப்பாணத்து வாழ்க்கையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. 27 ஆண்டுகள்! அவ்வளவு காலமும் அம்மக்கள் மனத்தில் இருந்ததும் ஆசைதான். பிறந்த மண்ணில் ஒருமுறை காலூன்ற வேண்டும், குலதெய்வத்துக்கு ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்ற ஆசை. அதைக் காணாமலே கண்மூடிய முதியோர் பலர். அந்த ஆசையை அறுத்துவிடுங்கள் என்று அவர்களிடம் எவரும் கூறத் துணிவரா?

அதே மண்ணில் இன்னோர் ஆசையும் உண்டு. ஆள் இல்லாத அயற்காணியின் வேலியை இருளோடு இருளாக அரக்கி, கதியாலை ஒரு முழம் அப்பால் நடுவது. வெளிநாட்டில் இருப்பவன் எங்கே வந்து பார்க்கப் போகின்றான் என்று எண்ணுவது. இரண்டும் காணியைப் பற்றிய ஆசைகளே. முன்னையது வேட்கை, பின்னையது வெஃகல். ஒரு முழ நிலத்துக்காகச் சகோதரர் இருவர் நீதிமன்றம் ஏறி, தாயின் செத்த வீட்டில் கூட முகம் பாராமல் நின்றதை அறியாத கிராமம் இல்லை.

சந்நிதியில் கேட்பது

இறைவனிடம் கேட்கலாமா என்பதற்கு நாயன்மார் வரலாறே விடை கூறுகின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டு சேர்க்க ஆள் வேண்டும் என்று திருக்கோளிலிப் பெருமானிடம் கேட்டார்; பெருமான் பூதகணங்களை ஏவினார். காரைக்காலம்மையார் இறவாத அன்பை வேண்டினார், பிறவாமையை வேண்டினார், பிறப்பு உண்டாயின் மறவாமையை வேண்டினார். ஒருவர் கேட்டது நெல்லுக்கு ஆள், மற்றவர் கேட்டது திருவடி. இருவரும் அறுபத்துமூவருள் வைத்து வணங்கப்படுகின்றனர்.

ஆகவே அடியவர் கேட்கலாம். கேட்பதன் முன் மூன்றை எண்ணிப் பார்த்தால் போதும். இது கிடைத்தால் வேறொருவர் தமக்கு உரியதை இழப்பாரா? கிடைத்த பின் மனம் அமையுமா, அல்லது அடுத்ததைக் கேட்குமா? அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வது போல இந்த வேண்டுதலையும் எல்லோர் செவியிலும் விழ வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்கு நா எழவில்லையாயின், அந்த ஆசை திசை மாறியது என்று அறிந்துகொள்ளலாம்.

இச்சோதனை தனி மனிதருக்கு மாத்திரம் உரியதன்று. ஆலயங்களை நடத்துவோருக்கும் உரியது. இறைவனுக்கு இராஜகோபுரம் அமைக்க விரும்புவது பக்தி. அயலூர்க் கோபுரத்தை விட ஓர் அடி உயர வேண்டும் என்று விரும்பும்போது அது வேறொன்றாகிவிடுகின்றது. திருவிழா உபயம் செய்ய விரும்புவது தொண்டு. தன் பெயர் ஒலிபெருக்கியில் இத்தனை முறை கேட்க வேண்டும் என்பது தொண்டாகாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கோபுரம் உயர்ந்துகொண்டிருக்க, அதன் நிழலிலேயே ஒரு பிள்ளை கொப்பி வாங்க வழியின்றிப் படிப்பை நிறுத்துமாயின், அந்தக் கோபுரம் யாருடைய ஆசை என்று பரிபாலன சபையினர் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

முருகப்பெருமானின் வலப்புறத்தில் நிற்கும் வள்ளிநாயகியை இச்சாசக்தி என்று ஆன்றோர் போற்றுவர். தினைப்புனத்தில் குறமகளாய் நின்று அவனையே விரும்பியவள் அவள். ஆசைக்கு அவன் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கின்றான். அடியவர் அனைவரது ஆசையும் அத்திசை நோக்கித் திரும்பத் திருவருள் கூடுவதாக.