பீடமா? பாசறையா?

அமைப்புகளைத் தோற்றுவிப்பது எளிது, வளர்ப்பது அரிது, தோற்றுவித்தோர் மறைந்த பின்னரும் வாழவைப்பது அரிதினும் அரிது. கொடியேற்றும் நாளில் கூடும் கூட்டம், சந்தா கட்டும் நாளில் கரைந்துவிடுகிறது. தலைவர் இருக்கும்வரை கழகம். அவர் கண்மூடியதும் கல்வெட்டு! ஏன் இந்த நிலை? ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குத் தரவேண்டியது எது? பெறுவோர் செலுத்தவேண்டிய கடன் எது?

நிலைத்திருப்பதே சிறப்பு என்று கூறிவிட முடியாது. மடங்கள் நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கின்றன. சாதியோ அவற்றினும் மூத்தது! நீண்ட ஆயுளே நற்சான்று ஆகுமானால், நாம் முதலில் மாலை சூட்டவேண்டியது மூடநம்பிக்கைக்குத்தான். எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று கேட்பதைவிட, எதைக் கைமாற்றி வாழ்ந்தது என்று கேட்பதே அறிவுடைமை. பீடம் கைமாற்றுவது காவியும் கமண்டலமும், கேள்வி கேளாப் பணிவும். பாசறை கைமாற்றுவது படைக்கலமும், அதைக் கையாளும் பயிற்சியும், "இது துருப்பிடித்தது, மாற்றுவோம்" என்று சொல்லும் உரிமையும்.

இந்த வேறுபாட்டை எவரினும் நன்கு உணரவேண்டியவர்கள், வரலாறும் குடிமையும் புகட்டும் சமூகப் பாட ஆசிரியர்களாகிய நாமே. வகுப்பறையில் வாக்குரிமையின் மேன்மையை விளக்கிவிட்டு, நம் சங்கத்தில் ஒருவரே இருபது ஆண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கக் கைகட்டி நிற்போமானால், நாம் நடத்திய பாடத்துக்கு என்ன பொருள்?

அமெரிக்க நாட்டைப் பார்ப்போம். 1921-இல் அட்லாண்டிக் சிட்டி நகரில், சமூகப் பாடங்களுக்கான தேசியக் கழகம் தோன்றியது. 1937-இல் ‘சோஷியல் எஜுகேஷன்’ எனும் ஏட்டைத் தொடங்கியது. 2021-இல் நூற்றாண்டு கண்டது. அங்கே தலைவர் பதவி ஓராண்டுக்கே! துணைத் தலைவராகப் பயின்று, அடுத்த தலைவராகக் காத்திருந்து, ஓராண்டு பொறுப்பேற்று, பின்னர் இறங்குகிறார். ஏறும் படியும் உண்டு. இறங்கும் படியும் உண்டு.

அக்கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர் ஹெரால்ட் ரக். பொறியியல் பயின்று, கொலம்பியா ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியரானவர். வேலையின்மை ஏன், செல்வம் சிலரிடம் குவிவது ஏன், விளம்பரம் சொல்வதெல்லாம் உண்மையா என்று மாணவரைச் சிந்திக்கத் தூண்டின அவருடைய பாடநூல்கள். 1930-களில் பல இலட்சம் பிள்ளைகள் அவற்றைப் படித்தனர். பொறுப்பார்களா ஆதிக்கக்காரர்கள்? விளம்பர வணிகரும் முன்னாள் படைவீரர் அமைப்பினரும் கிளர்ந்தெழுந்தனர். 1940-இல் ஒஹையோ மாநிலத்தின் பிராட்னர் எனும் ஊரில் அந்நூல்கள் எரிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்தே அவை மறைந்தன. கழகம் மறையவில்லை, ஒருவருடைய நூலின்மீது மட்டும் அது கட்டப்படவில்லை. எனினும், தப்பிப் பிழைத்தால் போதுமா? அந்தத் தீயின் நினைவை இளைய ஆசிரியரிடம் ஒப்படைக்காத சங்கம், உயிரோடிருந்தும் பயனில்லை. முதியோர் தரவேண்டிய முதற்பொருள் அந்த நினைவே.

அதே நாட்டில், அதே 1937-இல், ஆசிரியர்களுக்காக மற்றோர் ஏடும் பிறந்தது: ‘நீக்ரோ ஹிஸ்டரி புல்லட்டின்’. அதைத் தொடங்கியவர் கார்ட்டர் உட்சன். அடிமைகளாய் வாழ்ந்த பெற்றோரின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பள்ளியில் பாடம் நடத்தியவர். 1912-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். தம் மக்களின் வரலாறு மறைக்கப்படுவது கண்டு கொதித்து, 1915-இல் சிகாகோவில், நீக்ரோ வாழ்வு வரலாற்று ஆய்வுக் கழகத்தைத் தோழர்களுடன் நிறுவினார். 1926-இல் நீக்ரோ வரலாற்று வாரம் கொண்டாடச் செய்தார். 1950-இல் மறைந்தார். கழகமும் மறைந்ததா? இல்லை! அவர் கண்ட வாரம் 1976-இல் மாதமாயிற்று. அதற்கு முன்பே, 1972-இல், பின்வந்தோர் நிறுவனர் சூட்டிய பெயரிலிருந்தே ‘நீக்ரோ’ எனும் சொல்லை அகற்றினர்.

இது துரோகமா? அன்று! அவர் நாடியது தம் மக்களின் தன்மானம். அவர் பெருமிதத்துடன் சொன்ன சொல்லே, பேரர்களின் செவியில் அந்தத் தன்மானத்தை உறுத்தலாயிற்று. சொல்லைக் காத்திருந்தால் நோக்கம் செத்திருக்கும். நோக்கத்தைக் காக்கச் சொல்லைக் கைவிட்டனர். முன்னோர்க்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி இதுவே. மற்றது சடங்கு.

"எதையும் மாற்றலாமெனில், பட்டறிவுக்கு மதிப்பே இல்லையா?" என்று மூத்தோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதிப்பு உண்டு, ஆனால் அது சான்றாக வரட்டும், கட்டளையாக வரவேண்டாம். வரவு செலவுக் கணக்கும் கூட்டக் குறிப்பும், வென்ற போரின் கதையோடு தோற்ற போரின் கதையும் இளைஞர் கையில் இருக்கட்டும். இளைஞர்க்கும் கடன் உண்டு. படித்துப் பாராமலே ‘பழமை’ என்று தள்ளுவது பகுத்தறிவன்று. அதுவும் ஒருவகை மூடநம்பிக்கையே. குறிப்பேட்டைப் புரட்டாமல், சந்தா செலுத்தாமல், கூட்டத்துக்கும் வராமல், "மூத்தவர்கள் வழிவிடவில்லை" என்று குறைகூறுவோர், வழி கிடைத்தாலும் நடவாதவர்களே.

தோழர்களே! ஆசிரியர் சங்கமாயினும், ஊர்ப் படிப்பகமாயினும், நம் அமைப்பில் ஒரு சோதனை நடத்திப் பார்ப்போம். நம்முள் மிக இளையவர் எழுந்து, மிக மூத்தவரின் முடிவை "ஏன்?" என்று கேட்கட்டும். பதிலாகச் சினம் எழுமாயின், நாம் கட்டியது பீடம். சான்று எழுமாயின், அது பாசறை!