விளையாட்டுக்கு இவ்வளவு விலையா?

அண்மைக் காலமாக இங்கு கனடாவில் எமது இல்லங்கள் பலவற்றில் ஒரு வாக்குவாதம் அடிக்கடி எழுகின்றது. கணனியில் விளையாடுவதற்கென்று மகனோ மகளோ விலை உயர்ந்த கிராபிக்ஸ் அட்டை ஒன்றை வாங்க விரும்புகின்றார். விலையைக் கேட்டதும் பெற்றோர் திகைக்கின்றனர். "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு காசா?" என்பது அவர்கள் கட்சி. "நான் வேலை செய்து சேர்த்த காசு, நான் வாங்குகிறேன்" என்பது பிள்ளையின் கட்சி. இரு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பதே எமது எண்ணம்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். கணனித் திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும் கணித்து வரைந்து கொடுப்பதே இந்த அட்டையின் வேலை. விளையாட்டில் நாம் காணும் அசைவு, ஒரு செக்கனுக்குள் அடுத்தடுத்துக் காட்டப்படும் பல படங்களால் ஆனது. அட்டை எவ்வளவு வல்லதோ அவ்வளவு கூடுதலான படங்களை, அவ்வளவு நுணுக்கமாக வரையும். இத்துறையில் முன்னணியில் நிற்கும் என்விடியா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற அட்டையின் அறிமுக விலை 699 அமெரிக்க டொலர். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 1,599 டொலர். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090க்கு 1,999 டொலர். இதைக் கனடிய நாணயத்துக்கு மாற்றி, ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரியையும் சேர்த்தால் 3,000 டொலரைத் தாண்டிவிடுகின்றது. அதே வரிசையில் நடுத்தரமான ஆர்டிஎக்ஸ் 5070க்கு அறிவிக்கப்பட்ட விலை 549 அமெரிக்க டொலர். விலையில் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

விளையாடும் இன்பமும் மூன்றரை மடங்கு கூடுமா? சற்றுக் கணக்குப் பார்ப்போம். செக்கனுக்கு 30 படங்கள் என்றால் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 33 மில்லி செக்கன் திரையில் நிற்கும். 60 படங்கள் என்றால் 17 மில்லி செக்கன். 120 என்றால் 8, 240 என்றால் 4. ஒவ்வொரு படியிலும் அட்டையின் வேலை இரட்டிக்கின்றது. ஆனால் கண்ணுக்குக் கிடைக்கும் இலாபமோ ஒவ்வொரு படியிலும் பாதியாகின்றது. பொருளியல் படித்தவர்கள் இதனைக் குறைந்து செல்லும் எல்லைப் பயன்பாடு என்பார்கள். பசித்தவனுக்கு முதல் தோசையில் உள்ள ருசி ஐந்தாவது தோசையில் இல்லை என்பதும் இதுதான்.

திரையும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும். சாதாரண 1080 வரித் திரையில் 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு. சாதாரணத் திரையை வைத்துக்கொண்டு 5090 வாங்குவது ஒழுங்கையில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவதற்கு ஒப்பானது. அந்த அட்டை 575 வாற் வரை மின்சாரம் எடுக்கக்கூடியது. ஆகவே பெரிய மின்வழங்கியும் வேண்டும். அட்டையின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை.

விற்பவர் சொல்லும் எண்களையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் 5070 ஆனது 1,599 டொலர் 4090இன் ஆற்றலைத் தரும் என்று மேடையில் அறிவித்தார். உண்மையாக வரையப்படும் ஒரு படத்தோடு, செயற்கை நுண்ணறிவு ஊகித்து உருவாக்கும் மூன்று படங்கள் வரை சேர்த்து எண்ணியபோதே அந்தக் கணக்குச் சரிவந்தது. ஊகித்த படங்கள் அசைவை மென்மையாக்கும். ஆனால் நாம் விசையை அழுத்தியதற்கு விளையாட்டு விரைந்து பதில் சொல்வதாக அவை ஆக்குவதில்லை. எண் கூடுவது வேறு, அனுபவம் கூடுவது வேறு.

இன்பம் விலையில் இல்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் மிகச் சாதாரணமான வரைதிறன் கொண்ட கருவி. அது 15 கோடிக்கு மேல் விற்பனையானது. பிள்ளைகள் விரும்பி ஆடும் மைன்கிராப்ட் எளிய கணனியிலும் ஓடும். எனினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டில் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் பட்டுத் தெறிக்கும் வழியைப் பின்தொடர்ந்து வரையும் முறை 2023இல் சேர்க்கப்பட்டது. மழையில் நனைந்த வீதியில் விளக்கொளி விழும் அழகை அதில் காண்பவருக்கு, நல்ல அட்டை உண்மையான வேறுபாட்டைத் தருகின்றது. அழகை நாடிக் காசு செலவழிப்பதைக் குற்றம் என்று சொல்ல எம்மால் இயலாது.

இவ்வளவும் கணக்கு. இனி மனச்சாட்சியின் பக்கம் வருவோம். இந்த அட்டையின் விலை எம்மை ஏன் இவ்வளவு உறுத்துகின்றது? நாம் அகதிகளாக வந்தவர்கள். இடம்பெயர்ந்து ஓடும்போது கையில் எடுக்கக்கூடியது எது, வழியில் விற்கக்கூடியது எது என்று பார்த்துப் பழகியவர்கள். காப்பும் சங்கிலியும் பல குடும்பங்களைக் கரைசேர்த்தன. படிப்பை எவரும் பறிக்கவில்லை. ஆகவே தங்கமும் கல்வியும் செலவல்ல, மற்றெல்லாம் செலவு என்று மனம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த அளவுகோலில் கிராபிக்ஸ் அட்டை தோற்கத்தான் செய்யும். அடுத்த வரிசை வந்ததும் அதன் பெறுமானம் தேய்ந்துவிடும்.

ஆனால் அந்த அளவுகோல் அச்சத்தில் பிறந்தது. ஓட வேண்டிய தேவை இல்லாத மண்ணில் பிறந்த பிள்ளை, விற்க முடியாத ஒன்றில் மகிழ்வதை அதனால் அளப்பது முறையா? பிள்ளைகள் பயமின்றி விளையாட வேண்டும் என்பதற்காகவும் அல்லவா நாம் கடல் கடந்தோம்? மேலும் அந்த அளவுகோலை நாமே ஒழுங்காகப் பிடிப்பதில்லை. மறுநாள் வாடிவிடும் மலர்களால் மணவறை அலங்கரிக்கின்றோம். ஒருநாள் மண்டபத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கின்றோம். "இந்தக் காசில் ஊரில் எத்தனை பிள்ளைகளைப் படிப்பிக்கலாம்" என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது பிள்ளையின் ஆசைக்கு மட்டும் எழுந்து, எமது ஆடம்பரத்துக்கு எழாவிட்டால், அதனை அறம் என்று சொல்ல முடியாது.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. "என் காசு" என்பது விவாதத்தின் தொடக்கமே, முடிவல்ல. ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். அந்த விகிதத்தில், கழிவுகளைக் கணக்கில் எடுக்காமலே, 5090க்கு 170 மணித்தியாலங்களுக்கு மேல் உழைக்க வேண்டும். 5070க்கு ஏறத்தாழ 50. இடையில் உள்ள 120 மணித்தியாலம் மூன்று வார முழுநேர வேலை. அது உங்கள் வாழ்நாளின் ஒரு துண்டு. நண்பர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தத் துண்டைக் கொடுக்கின்றீர்களா, அல்லது உங்கள் கண் காணும் ஒன்றுக்காகவா? இரண்டாவது என்றால், அதை வீண்செலவு என்று எவரும் சொல்லலாகாது. கடன் அட்டையில் 20 வீத அளவு வட்டிக்கு வாங்குவதோ வேறு கதை. இன்னும் உழைக்காத மணித்தியாலங்களையும் அது விற்றுவிடுகின்றது.

எமது தீர்ப்பு இதுதான். பெரும்பாலானோருக்கு உச்சத்து அட்டை அதன் விலைக்குப் பெறுமதியற்றது. நடுத்தர அட்டை போதும். விளையாட்டு அற்பம் என்பதால் அல்ல, கடைசிப் படிக்குக் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால். வீட்டில் இந்தப் பேச்சு மீண்டும் எழும்போது ஒரு தாளை எடுத்து, அட்டையின் விலையை உழைப்பு மணித்தியாலங்களில் எழுதிப் பாருங்கள். அதன் கீழே, பெற்றோர் தமது கடைசிப் பெருஞ்செலவு ஒன்றையும் அதே முறையில் எழுதட்டும். அதன் பின்னர் பேசுவோம்.