பாவமும் குற்றமும்

புறம் பேசுவது பாவம். அதற்காக எவரையும் போலீஸார் பிடித்துச் செல்வதில்லை. வட்டி வாங்குவது பெரும் பாவம். வட்டிக்கடை வைக்க நம் நாட்டில் லைசென்ஸே கொடுக்கிறார்கள். தொழுகையை விடுவதும், தாய் தந்தையரை நோகச் செய்வதும் இறைவனிடம் கடும் விசாரணைக்குரியவை; அவற்றுக்கு இங்கே கோர்ட்டு இல்லை. ஆக, பாவம் என்பது ஒன்று, அரசாங்கம் தண்டிக்கும் குற்றம் என்பது வேறொன்று என்பதை நாம் அன்றாடம் கண்டுகொண்டுதான் வாழ்கிறோம். ஆனால் சில பாவங்களின் பெயரைக் கேட்டவுடன் இந்த வேறுபாடு நமக்கு மறந்துபோகிறது. அவற்றுள் ஒன்று ஓரினச் சேர்க்கை.

இதைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பில் ஐயத்துக்கு இடமில்லை. நபி லூத் (அலை) அவர்களின் சமூகத்தார் வரலாற்றைத் திருமறை பல இடங்களில் எடுத்துக் கூறி எச்சரிக்கிறது. அச்செயல் ஹராம். ஆனால் ஒருவனிடம் இந்தப் பாவம் இருப்பதாகத் தெரிந்துவிட்டால், அவனை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துவிடலாமா? இதுவே நாம் இங்கு எழுப்பும் கேள்வி. இதற்கு விடை தேட இங்கிலாந்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

மிரட்டுபவனுக்குக் கிடைத்த ஆயுதம்

எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில், 1533-ல், இச்செயலுக்கு அந்நாட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1835-ல் லண்டனில் இருவர் தூக்கிலிடப்பட்டதே இதற்காக அங்கே நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை. 1861-ல் தூக்கு நீங்கிச் சிறைத் தண்டனை வந்தது. 1885-ல் மற்றொரு சட்டப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கிடையே நடக்கும் எந்த ஒழுக்கக்கேடும், அது நான்கு சுவர்களுக்குள் நடந்தாலும், இரண்டாண்டு வரை கடுங்காவலுக்குரியது என்றது அப்பிரிவு. எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டு 1895-ல் இதன்படியே இரண்டாண்டு கடுங்காவல் பெற்றார்.

இதனால் ஒழுக்கம் வளர்ந்ததா? வளர்ந்தது மிரட்டிப் பணம் பறிக்கும் தொழில்! ஒரு பழைய கடிதம் கையில் சிக்கினால் போதும், ஒரு மனிதனை ஆயுள் முழுதும் கறக்கலாம். பறிகொடுத்தவன் போலீஸுக்குப் போக முடியாது. போனால் அவனே கைதியாவான். அச்சட்டத்துக்கு 'மிரட்டுவோரின் சாசனம்' என்றே மக்கள் பெயர் வைத்தார்கள்.

கணித மேதை ஆலன் டூரிங்கின் கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியச் சங்கேதங்களை உடைத்ததில் பெரும்பங்கு வகித்தவர் அவர். 1952-ல் மான்செஸ்டர் அருகே அவர் வீட்டில் திருட்டு நடந்தது. புகார் கொடுக்கப் போலீஸிடம் போனார். விசாரணையில் அவருடைய அந்தரங்கம் வெளிப்பட்டது. திருட்டுக் கொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். சிறைக்குப் பதிலாக, ஆண்மை உணர்ச்சியை அடக்கும் ஹார்மோன் மருந்தை ஓராண்டு ஏற்க வேண்டியதாயிற்று. 1954-ல், 41-வது வயதில், சயனைடு நஞ்சினால் மாண்டார். தற்கொலை என்று விசாரணை முடிந்தது. 2009-ல் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசியின் மன்னிப்பும் வந்தது. மாண்டவர் வருவாரா?

மத குருவும் ஒப்புக்கொண்டார்

டூரிங் இறந்த அதே 1954-ல் சர் ஜான் உல்ஃபெண்டன் தலைமையில் அரசு ஒரு குழுவை நியமித்தது. வயது வந்த இருவர் தனிமையில் சம்மதத்துடன் செய்வதைச் சட்டம் தண்டிக்க வேண்டியதில்லை என்று 1957-ல் அக்குழு அறிக்கை தந்தது. கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஜெஃப்ரி ஃபிஷர் இதை ஆதரித்தார் என்பது கவனிக்கத்தக்கது. செயலைப் பாவம் என்று சொல்வதில் அவர் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பாவத்தை விசாரிப்பது ஒரு துறை, குற்றத்தை விசாரிப்பது வேறு துறை என்பதை ஏற்றுக்கொண்டார்.

எதிர்ப்பும் இருந்தது. நீதிபதி டெவ்லின், பொதுவான ஒழுக்கமே ஒரு சமூகத்தைக் கட்டிக் காக்கும் கயிறு. அதைச் சட்டம் காக்கத் தவறினால் சமூகமே சிதறிவிடும் என்று 1959-ல் வாதிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹார்ட் அதை மறுத்தார். பிறருக்குத் தீங்கிழைக்காத செயலுக்காக ஒரு மனிதனைத் துன்புறுத்த, ஊராரின் அருவருப்பு மட்டும் காரணமாகாது என்றார். முடிவில் 1967-ல், 21 வயது நிறைந்தவர்களுக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனை நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்து 1980-லும் வட அயர்லாந்து 1982-லும் பின்தொடர்ந்தன.

இயக்கம் அத்துடன் நிற்கவில்லை. 1972-ல் லண்டன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். 2014-ல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் அங்கே சட்டப்படி திருமணம் செய்துகொண்டார்கள். "பார்த்தீர்களா, டெவ்லின் சொன்னது பலித்துவிட்டது!" என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். நாம் சொல்வது இதுதான்: அவர்கள் கேட்டவை இரண்டு. ஒன்று, எங்கள் செயலைச் சரியென்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பது. அங்கே நம் பாதை பிரிகிறது. நிக்காஹ் இன்னதென்று ஷரீஅத் வகுத்துவிட்டது. மற்றொன்று, எங்கள் கதவை உடைக்காதீர்கள், மிரட்டாதீர்கள், அடிக்காதீர்கள் என்பது. இது நமக்குப் புதிதா?

சுவர் ஏறிய கலீஃபா

ஹலரத் உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவில் சுற்றி வரும்போது, ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே ஒருவன் பாவத்தில் இருக்கக் கண்டார்களாம். அவனோ, "அமீருல் முஃமினீனே! நான் செய்த பாவம் ஒன்று. தாங்கள் செய்தது மூன்று. துருவி ஆராயாதீர் என்றான் இறைவன், ஆராய்ந்தீர்கள். வாசல் வழியே வாருங்கள் என்றான், சுவரேறி வந்தீர்கள். அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையாதீர் என்றான், நுழைந்தீர்கள்" என்றான். கலீஃபா அவனை மன்னித்துத் திரும்பினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இதை எடுத்தெழுதியுள்ளார்கள். பாவத்தைப் பாவம் என்பதில் உமர் (ரலி) அவர்களைவிட உறுதியானவர் யார்?

பத்தினிப் பெண்கள் மீது பழி சுமத்தி, நான்கு சாட்சிகள் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்பது சூரத்துந் நூரின் சட்டம். ஒருவரது மானம் அவ்வளவு பெரிது! உள்ளத்தில் எழும் எண்ணத்தை, அது சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை, அல்லாஹ் இந்த உம்மத்துக்குப் பொறுத்துக்கொண்டான் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன சுபச் செய்தி. நாட்டம் உள்ளவன் எல்லோரும் பாவியல்ல. அந்த நாட்டத்தோடு போராடுபவன் கூலிக்குரியவன்.

நம் வீடுகளில்

நம் நாட்டில் 377-ஆம் பிரிவை ஆங்கிலேயர்கள்தாம் கொண்டுவந்தார்கள். 1862 முதல் நடப்பில் இருந்தது. வயது வந்தோர் சம்மதத்துடன் தனிமையில் செய்வதை அப்பிரிவினின்றும் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் நீக்கிவிட்டது. அதனால் ஹராம் ஹலாலாகிவிடவில்லை. ஹராமாக இருப்பதனால் அநியாயமும் ஹலாலாகிவிடாது.

ஒரு மகன் தாயிடம் வந்து தன் மனத்தில் உள்ளதை அழுதுகொண்டே சொல்கிறான் என்று வையுங்கள். அவனை அடித்து விரட்டினால் போய் விழ எந்த இடம் இருக்கிறது? "கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்று மறைத்து ஒரு பெண்ணை அவன் தலையில் கட்டினால், அந்தப் பெண்ணின் ஹக்குக்கு மறுமையில் யார் பதில் சொல்வது? மஹல்லாவில் ஒருவனைப் பட்டப்பெயர் வைத்து ஏசுவதும், அவன் இரகசியத்தை வைத்துக் காசு பறிப்பதும், அவனைப் பற்றி வதந்தி பரப்புவதும் அவனுடைய பாவத்தைக் குறைக்கப் போவதில்லை. அவை நம்முடைய ஏட்டில்தான் ஏறும்.

பாவத்தை வெறுப்போம், பாவிக்குத் தௌபாவின் வாசலை நாம் அடைக்க வேண்டாம். பிறர் குறையை மறைப்பவரின் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைக்கும் வல்ல நாயன், நம் குறைகளையும் மறைத்து, நம் கைகளையும் நாவுகளையும் அநியாயத்தை விட்டும் காத்தருள்வானாக! ஆமீன்.