சின்சேயிடம் போவது பாவமா?



சர்க்கரை வியாதி, மூட்டுவாதம், ஈளை என்று வருஷக்கணக்காய் வருந்தும் நம் பங்கு மக்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள்: "சாமி, சின்சேயிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். இது பாவமாகுமா?"

பாவமல்ல. பூமியிலிருந்து மருந்தை உண்டாக்கினவர் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. அது எந்த நாட்டுப் பூமி என்று சொல்லவில்லை. அர்ச். சின்னப்பர் தம் சீஷனாகிய திமோத்தேயுவின் வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் பருகச் சொன்னார். சீன வைத்தியர் கொடுக்கும் கஷாயத்தில் பெரும்பாலும் அதிமதுரமும் இஞ்சியும் இருக்கும். நம் பாட்டிமார் அறியாத சரக்கா அது? நம் சிங்கப்பூரில் 1867-ம் ஆண்டு தொடங்கிய தோங் சாய் வைத்தியசாலை, இனமும் மதமும் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாய் மருந்து கொடுத்தது. ஆனால் மந்திரத் தாளைச் சுட்டு, அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குடிப்பதும், ஆவி இறங்கியவனிடம் குறி கேட்பதும் வைத்தியமல்ல. அது முதல் கற்பனைக்கு விரோதம். இதை நீங்கள் ஞானோபதேசத்திலேயே படித்திருக்கிறீர்கள்.

அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதை வீட்டிலுள்ளவர்கள் சற்று யோசிக்க வேண்டும். "இது குணமாகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவது இலேசான சிலுவையல்ல. ஆஸ்பத்திரியில் சில மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிஷம். இரத்தத்தின் கணக்கைப் பார்த்து மாத்திரையை மாற்றி எழுதுவதோடு சரி. சின்சேயோ இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். தூக்கம் வருகிறதா, கை கால் குளிர்கிறதா என்று விசாரிக்கிறார். நோயாளி என்பவர் ஒரு மனுஷர் என்று அங்கே தோன்றுகிறது. அப்படிப்பட்டவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாதேயுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ தன் ஆஸ்தியையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்திருந்தாள். சேசுநாதர் அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை; மகளே என்று அழைத்தார்.

அப்படியானால் குற்றம் எங்கே நுழைகிறது? மறைப்பதில். அநேகர் சின்சேயிடம் போவதை டாக்டரிடம் சொல்வதில்லை; டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சின்சேயிடம் காட்டுவதுமில்லை. இரண்டு பேருக்கும் பாதி நோயாளியே தெரிகிறார். மேலே சொன்ன அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமாய்ச் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். 'டாங் குவாய்' என்னும் வேர், இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸெல்ஸ் நகரில், உடல் மெலிய வேண்டிச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. மூலிகை மாறிப்போனதே காரணம். பெயரில்லாப் பொட்டலத்தில் விற்ற மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததென்று நம் அரசாங்கமும் பலமுறை எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற சீன வைத்தியர் யார் என்று கண்டறிய 2000-ம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இன்சுலினைத் தன்னிஷ்டமாய் நிறுத்துகிறவர் ஐந்தாம் கற்பனையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பழமையானது என்பதே அத்தாட்சியாகாது. பழமையானது என்பதற்காகத் தள்ளவும் கூடாது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ அம்மையார், நாலாம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் மூலிகையை நீரில் ஊறவைக்கும் முறையைக் கண்டு வழி அறிந்தார். ஆனாலும் அதன் சத்தைப் பிரித்தெடுத்து, சோதித்து, நோயாளிகளிடம் பலன் கண்ட பிறகே அது உலகத்துக்கு வந்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகத்தைப் பேணச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு; தாங்கமுடியாத பாரத்தைச் சுமத்தும் வழிகளுக்குக் கடமையில்லை என்று 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1957-ல் வைத்தியர்களுக்குப் போதித்தார். பிள்ளைகளின் படிப்புப் பணத்தைக் கரைத்து, நகையை அடகு வைத்து, குணம் தேடி அலைய யாரும் கட்டுப்பட்டவர்களல்ல.

சீன தேசத்திலேயே ஓர் அர்ச்சியசிஷ்டவர் இருக்கிறார். நம்மில் அநேகர் அவரை அறியோம். ஹெபெய் மாகாணத்து மாற்கு ஜி தியான்ஷியாங். அவர் வைத்தியர், ஏழைகளிடம் காசு வாங்காதவர். கடும் வயிற்று நோய்க்கு அபினியை மருந்தாய் உட்கொண்டு, அதற்கே அடிமையானார். விடமுடியவில்லை. அதைப் பாவமென்றே அக்காலத்துக் குருக்கள் எண்ணி, சுமார் முப்பது வருஷம் அவருக்குத் தேவதிரவிய அனுமானங்களை மறுத்தார்கள். அது வியாதி என்று இன்று அறிகிறோம். அவரோ பூசையைவிட்டு விலகவில்லை. 1900-ம் ஆண்டு பாக்ஸர் கலகத்தில் வேதசாட்சியாய் மரித்தார். 2000-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி பாப்பானவர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தினார். குணமாகாத நோயோடு கோவிலின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவரிடம் தாராளமாய் மன்றாடலாம்.

தலைவெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவரும்போது சில வீடுகளில் கஷாயச் சட்டியை அவசரமாய்க் கட்டிலடியில் தள்ளுகிறார்கள். வேண்டாம். வாசனை மின்தூக்கி வரைக்கும் வருகிறது. அதை மேசைமேலேயே வையுங்கள். அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது அந்த மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.